இது எங்கேருந்து வந்துச்சு?

ஆகஸ்ட் 5 தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் திருவிழா. உள்ளூர் விடுமுறை. வெளியூரில் இருப்பவர்களெல்லாம் ஊருக்குள் வருகிற நேரத்தில் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பினோம். இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு, மனைவியின் ஊரான காரமடையில் ஒரு ராத்திரி தங்கி, அங்கிருந்து நீலகிரி. இந்தத் தடவை ஊட்டியைப் பார்ப்பதைவிட, ஊட்டிக்குப் போகிற வழியில் நிற்க வேண்டும் என்று ஆசை.

இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் வாடகை வண்டி, பூங்கா, படகு, தொட்டபெட்டா, திரும்பு. இன்றைக்கு யோசித்தால் பார்க்கிங்கில் நின்ற நேரம்தான் ஞாபகம் வருகிறது.

மாமனார் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் 'சேரன்' என்று எழுதியிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பாதி வாழ்க்கையை மேட்டுப்பாளையம்–ஊட்டி தடத்தில் கழித்தவர். நான் பதினேழு இடங்களை எழுதி வைத்திருந்த தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"ஏனுங் மாப்ள, இது டூருங்களா, டிரிப் ஷீட்டுங்களா?"

பேனாவை எடுத்துப் பாதிக்கு மேல் அடித்துவிட்டார். ஒரு நாளைக்கு மூன்று இடம், அதற்கு மேல் போனால் வண்டிக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை என்றார். இப்போது யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்கிறேன். மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. சமவெளியில் முக்கால் மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு அங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

மாமாவும் எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டாள். என்ன எழுதப் போகிறாள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் சறுக்கல் கல்லாறு சோதனைச் சாவடியில். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். இணையத்தில் இலவசமாக எடுக்கலாம், ஐந்து நிமிட வேலை. நானும் முந்தின நாள் ராத்திரியே எடுத்து வைத்திருந்தேன். ஆனால் தூக்கக் கலக்கத்தில் வண்டி எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன். ஓரமாக நிறுத்தி, சிக்னல் தேடிக் கையைத் தூக்கிக்கொண்டு அலைந்து, மறுபடி எடுத்தேன். டிக்கியில் ஒரு பண்டல் தண்ணீர் பாட்டில் வேறு. நீலகிரியில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு என்று தெரிந்தும் மறந்திருந்தேன். அவற்றையும் அங்கேயே விட வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மேலே ஊருக்கு ஊர் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது, காசு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் ஏற்றம். நான் ஓட்டிப் பழகியது கடற்கரைச் சாலை. ராமநாதபுரம் பக்கம் போனால் ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் உடைமரம். ஸ்டீரிங்கைத் திருப்பவே வேலை இருக்காது. அந்தத் தைரியத்தில் முதல் கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே நுழைந்தேன். வண்டி முக்கி, திணறி, நடு வளைவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன்கூட அடிக்கவில்லை, பொறுமையாக நின்றது. மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்த டிரைவருக்கு ஏதோ சைகை காட்டினார். 'என் மருமகன்தான், மன்னிச்சுக்க' என்று அர்த்தமாக இருக்கலாம்.

அதன் பிறகு பர்லியார் வரைக்கும் பாடம் நடந்தது. வளைவுக்குள் போய் கியர் மாற்றக் கூடாது, வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும் என்பதால், அதன் மூக்கு தெரிந்தாலே வளைவுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும். எனக்கு ரொம்பப் பயன்பட்டது இன்னொன்று.

"ரோட்டை மட்டும் பாக்காதீங்க மாப்ள. வளைவுக்குள்ள போறதுக்கு முன்னால தலையைத் தூக்கி மேல் ரோட்டைப் பாருங்க. எந்த வண்டி இறங்குதுன்னு அங்கயே தெரிஞ்சு போகும்."

குன்னூர் வரை பதினான்கு வளைவு. எட்டாவதில் எனக்குக் கை பழகிவிட்டது. மகளுக்கு எட்டாவதில்தான் குமட்டல் ஆரம்பித்தது. மனைவி கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை இரண்டு சொட்டு விட்டு முகரக் கொடுத்தாள். (வாந்தி வருகிற பிள்ளையை முன் சீட்டுக்கு மாற்றுவதும், போனைப் பிடுங்கி வைப்பதும், காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துவதும் தைலத்தைவிட நன்றாக வேலை செய்யும்.) கொஞ்சம் தெளிந்ததும் அவள் கேட்டாள்: "இந்தத் தைலம் இங்கேதானே செய்றாங்க?"

தைலம் இங்கே காய்ச்சுவதுதான், ஆனால் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்றேன். 19ஆம் நூற்றாண்டில், விறகுக்காகத்தான் மலை முழுக்க நட்டார்கள். நீலகிரி என்ற பெயரையே தாங்கி நிற்கிற மரம் நீலகிரியுடையது இல்லை என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியமாகப் போயிற்று. நோட்டைத் திறந்து முதல் வரி எழுதினாள்: 'தைல மரம் – ஆஸ்திரேலியா.' அப்புறம் மூன்று நாளும், எங்கே நின்றாலும் ஒரே கேள்விதான். "இது எங்கேருந்து வந்துச்சு?" பதினேழு இடம் எழுதிய என் தாளைவிட அந்தக் கேள்விதான் எங்களை நல்ல இடங்களில் நிறுத்தியது.

பர்லியாரில் சாலையோரப் பழக்கடைகள். ஜூலை, ஆகஸ்டில் போனால் மங்குஸ்தானும் துரியனும் கிடைக்கும். இரண்டும் மலாய் நாட்டுப் பக்கத்துப் பழங்கள். கல்லாறிலும் பர்லியாரிலும் ஆங்கிலேயர் காலத்தில் ஆரம்பித்த அரசுப் பழப் பண்ணைகள் வழியாக இந்த அடிவாரத்தில் வேர்பிடித்தவை. வெப்பமும் ஈரமும் சரியாக அமைந்த ஒரு குறுகிய உயரத்தில்தான் இவை வளர்கின்றன. குன்னூர் போய்த் தேடினால் மரம் இருக்காது. மங்குஸ்தானை வாங்கும்போது ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு. துரியனை அங்கேயே வெட்டச் சொல்லி அங்கேயே சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு ஏறுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒன்றைத் தவிர. ஊட்டியில் குடியிருக்கும் பழைய கண்டக்டர் நண்பருக்கு என்று மாமா ஒரு முழுத் துரியனைத் துணிப்பையில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டார். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ரயில்வே கேட். மூடியிருந்தது. சலித்துக்கொள்வதற்குப் பதிலாக வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து நின்றோம். மலை ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு இதுதான் என் யோசனை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் நீராவி ரயில் குன்னூருக்குப் பத்தரை மணி வாக்கில் வந்து சேரும். பெட்டிகள் முதலில் வந்தன, எஞ்சின் கடைசியில் வந்தது. ஏற்றத்தில் எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிகள் நழுவினாலும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். மொத்தம் 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மகள் தன் கேள்வியைக் கேட்டாள். சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்த எஞ்சின்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் எண்ணெய்க் கந்தலோடு நின்ற ஊழியரிடம் சரிதானே என்று கேட்டேன். "சிலது அங்கே செஞ்சது. சிலது திருச்சி பொன்மலை" என்றார். நோட்டில் இப்படி ஏறியது: 'ரயில் – சுவிட்சர்லாந்து, இல்லாட்டி திருச்சி.'

அன்றைக்கு மீதி நேரம் சிம்ஸ் பூங்கா. 1874இல் அமைத்தது, மரங்களுக்காகப் பார்க்கலாம். ஆனால் பூங்காவுக்கு எதிரிலிருந்த பாஸ்டர் நிறுவனக் கட்டடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உள்ளே சுற்றிப் பார்க்கிற இடமில்லை. வெறிநாய்க் கடிக்கு ஊசி போட தென்னிந்தியாவிலிருந்து இமயமலை அடிவாரத்து கசௌலி வரை போக வேண்டியிருந்த நிலைமையில், 1907இல் இதை ஆரம்பித்தார்கள். நாய் கடித்த ஒருவர் ரயிலேறி அவ்வளவு தூரம் போவதை நினைத்துப் பார்த்தேன். போகிற வழியெல்லாம் நாள் எண்ணிக்கொண்டே அல்லவா போயிருப்பார்.

வெலிங்டன் ராணுவப் பகுதியில் நிற்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. அங்கே போட்டோ எடுக்காமல் போவதே நல்லது. ஊட்டி போய்ச் சேர்ந்ததும் மாமா கண்டக்டர் நண்பருக்கு போன் போட்டார். அவர் மகள் வீட்டுக்கு என்று கோயம்புத்தூர் போயிருந்தார், மறுநாள் வந்துவிடுவாராம். துரியன் டிக்கியிலேயே தங்கியது.

இரண்டாம் நாள் காலை புனித ஸ்டீபன் ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் வெளிர் மஞ்சளில் அமைதியான ஒரு சர்ச், அவ்வளவுதான். உள்ளே போய் மேலே பாருங்கள். 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டிக் கட்டிய இந்த ஆலயத்தின் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து வந்தவை. 1799இல் திப்பு போரில் இறந்தார். ஏறக்குறைய முப்பது வருஷத்தில் அவர் அரண்மனை மரம் இந்த மலைமேல், அவரைத் தோற்கடித்தவர்கள் கும்பிடுகிற கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இதில் வரலாறுதான் தெரிந்தது. மாமாவுக்கு வேறொன்று தெரிந்தது. கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இத்தன நீளக் கட்டை. அப்ப தார் ரோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. வளைவுல எப்புடித் திருப்பியிருப்பான்? இதை ஏத்துன வண்டிக்காரன் பேரை எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா, பாருங்க."

சுவரெல்லாம் கல்வெட்டுப் பலகைகள். கவர்னர்கள், கேப்டன்கள், அவர்களுடைய மனைவிமார். வண்டிக்காரன் பெயர் இல்லை. மகள் 'உத்திரம் – ஸ்ரீரங்கப்பட்டணம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'வண்டிக்காரர் பேர் தெரியலை' என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆலயத்துக்குப் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊரில் ஏரி வெட்டியதும், 1822இல் கல் பங்களா கட்ட ஆரம்பித்ததும் அவர்தான். அந்தக் கட்டடத்தில் இப்போது அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் பாசி வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். என் மனைவி ஒருமுறை உட்கார்ந்தே எழுந்தாள்.

அடுத்து முத்தோரை. சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிற படிக்கட்டு வயல்களுக்கு நடுவே, ஒரு மலைச்சரிவின்மேல் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்து 1970இல் முடித்தது. உள்ளே போக முன்அனுமதி வேண்டும். நாங்கள் சாலையோரம் நின்று பார்த்ததோடு சரி. அதுவே போதும்.

ஏன் இந்தச் சரிவு? ஊட்டி இருப்பது வட அட்சரேகை 11 டிகிரியும் கொஞ்சமும். அதே அளவு வடக்கு தெற்காகச் சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கருவியைப் படுக்க வைத்தார்கள். அதனால் கருவியின் அச்சும் பூமி சுழலும் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாகிவிட்டன. பூமி ஒரு பக்கம் சுழலச் சுழல, கருவியை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரே நட்சத்திரக் கூட்டத்தை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். சமவெளியில் இப்படிச் சாய்த்து நிறுத்துவதற்கு என்ன செலவாகியிருக்கும்! மலையில் ரோடு போடுகிறவர்கள், தண்டவாளம் போடுகிறவர்கள் எல்லாரும் சரிவோடு மல்லுக்கு நின்றவர்கள். இங்கே சரிவுக்கே வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் இதை மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்க முயன்றேன், மகளுக்குப் பாதி புரிந்தது. நோட்டில் எழுதியதென்னவோ எனக்குப் பிடித்திருந்தது: 'தொலைநோக்கி – இந்தியா. சரிவு – இங்கேயே இருந்தது.'

மதியம் கூடலூர் சாலை. ஒரு காலத்தில் எக்ஸ்ரே பிலிம் செய்துகொண்டிருந்த இந்து நகர் தொழிற்சாலையைக் கடக்கும்போது, ஷிப்டு விடுகிற நேரத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது என்றார் மாமா. இப்போது ஆளில்லாத கட்டடங்கள். பைக்காரா அருவியில் கூட்டம் அதிகமாக இருந்ததால் இறங்கவில்லை.

இங்கே மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரிக்கு இரண்டு மழை. குன்னூர், கோத்தகிரி இருக்கிற கிழக்குச் சரிவுக்கு அக்டோபர், நவம்பரில் பலமாகக் கொட்டும். மண் சரிந்து குன்னூர் பாதையும் ரயிலும் நிற்பது பெரும்பாலும் அப்போதுதான். நடுவட்டம், கூடலூர் இருக்கிற மேற்குச் சரிவுக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. ஒரே நாளில் கோத்தகிரியில் வெயிலடிக்கும், நடுவட்டத்தில் எதிரே வருகிற லாரி தெரியாது. 'நீலகிரியில் வானிலை எப்படி' என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்கிற பதிலை நம்பாதீர்கள். எந்தச் சரிவு என்று சேர்த்துக் கேளுங்கள்.

நாங்கள் மாட்டியது நடுவட்டம் பனிமூட்டத்தில். ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்டேன், வெளிச்சம் மூட்டத்தில் பட்டு என் கண்ணிலேயே அடித்தது. "இறக்கிப் போடுங்க. இடது ஓரத்தைப் பிடிச்சுட்டு ஊருங்க. கண்ணாடியை ரெண்டு விரல் இறக்குங்க, காது கேக்கோணும்" என்றார் மாமா. பனியில் காதால்தான் ஓட்ட வேண்டுமாம். உண்மைதான். எதிரே பஸ் வருவது பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டது.

நடுவட்டத்தில் இன்று தேயிலைதான் கண்ணுக்குத் தெரியும். 1860களில் இங்கே ஆரம்பித்தது தேயிலைக்காக இல்லை, சிங்கோனாவுக்காக. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது. தென் அமெரிக்க மலைக்காடுகளிலிருந்து கன்றும் விதையும் கப்பலேறி வந்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்ஐவர்தான் இந்தத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டார். வேலைக்கு ஆள் போதாமல், மலாய்ப் பக்கத்திலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளில் சிலரைக் கொண்டுவந்தார்கள். தண்டனை முடிந்தபின் சிலர் இங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் காபியும் பயிர் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். பழைய சிறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பனியில் எங்களுக்குத் தெரிந்தது ஒரு சுவரின் ஓரம் மட்டும்தான்.

குளிருக்கு ஒதுங்கிய டீக்கடையில் ஒரு பாட்டி. எழுபது வயதைத் தாண்டியிருப்பார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்க எந்தப் பக்கம்?" என்றார். தூத்துக்குடி என்றேன்.

"அப்ப கடல் ஊரு."

அவர் பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாமில் சில நாள், அப்புறம் ரயில், அப்புறம் லாரி. இப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. டான்டீ என்று இன்று நாம் டீத்தூள் பாக்கெட்டில் பார்க்கிற பெயர் அதிலிருந்து வந்தது. மண்டபத்தில் கரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது கடல்தான் தெரிந்தது, ஊர் தெரியவில்லை என்றார். அதுதான் அவர் கடைசியாகக் கடலைப் பார்த்தது.

மகள் நோட்டைத் திறக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது மனைவி, வீட்டுக்கென்று எடுத்து வந்திருந்த தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தைப் பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி காசு வாங்க மறுத்தார், நாங்கள் வைத்துவிட்டு வந்தோம்.

சாயங்காலம் ஊட்டிக்குத் திரும்பினால், கண்டக்டர் நண்பர் இன்னும் கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை. பேரனுக்குக் காய்ச்சலாம். வண்டிக்குள் வாசனை முழுதாகக் குடியேறிவிட்டது. மனைவி மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள்.

மூன்றாம் நாள் இறக்கம். சீசனில் பல சமயம் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள். இல்லாவிட்டாலும் அப்படிப் போவதே நல்லது, இரண்டு பாதையையும் பார்த்த மாதிரி ஆகும். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். முப்பத்தாறு வளைவு, கடும் சரிவு, வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கிளம்பும்போது வர்க்கி வாங்கிக்கொண்டோம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். டீயில் முக்கிச் சாப்பிட வேண்டும், சும்மா கடித்தால் பாதி சட்டையில்தான் இருக்கும்.

கோத்தகிரியை ஒட்டி கன்னேரிமுக்கு. படகர் ஊர்களுக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய ஒரு கட்டடம், சலிவன் 1819இல் மலையேறி வந்து முதலில் கட்டிய பங்களா. ஊட்டி என்கிற ஊரே அப்போது இல்லை. இடிந்து கிடந்ததை மீட்டெடுத்து நீலகிரி வரலாற்று ஆவணக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். பழைய படங்களில் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் இருக்கிறார்கள். மகள் ஒரு தோடர் குடிசைப் படத்தின் முன்னால் நின்று, பழகிப்போன கேள்வியைக் கேட்க வாயெடுத்தாள். பிறகு தானே "இவங்க இங்கேயே இருந்தவங்க" என்று சொல்லிக்கொண்டாள்.

குஞ்சப்பனை இறக்கத்தில்தான் நான் சொதப்பினேன். வெயில், நல்ல ரோடு, மாமா சாப்பாட்டு மயக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டார். ஏறும்போது படித்த பாடத்தையெல்லாம் மறந்து, மூன்றாவது நான்காவது கியரில் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். துரியன்தான், மூன்று நாள் ஆயிற்றே, இப்போது வெயிலும் படுகிறது என்று ஜன்னலை இறக்கினேன். நாற்றம் கூடியது. மனைவியும் துரியனைத்தான் திட்டினாள். மாமா கண்ணைத் திறக்காமலேயே மூக்கை உறிஞ்சினார்.

"மாப்ள, துரியன் இல்லீங்க. பிரேக் லைனிங் கருகுது. ஓரங்கட்டுங்க."

மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. அந்த ஒரு நொடி வயிற்றுக்குள் என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. "கியரைக் குறைங்க, ஒண்ணொண்ணா" என்றார் அதே குரலில். இரண்டாவது, பிறகு முதல் கியர். எஞ்சின் கத்தியது, வண்டி அடங்கியது. அகலமான ஓர் ஓரத்தில், மலைப் பக்கமாக நின்றோம்.

நான் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்துக்கு ஓடினேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். சூட்டில் இருக்கிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப் போகும், தானாக ஆற வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டாம், கியரில் நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள் என்றார். குனிந்து அவரே ஒரு கல்லைப் பொறுக்கி, முன்சக்கரத்துக்குக் கீழே காலால் உதைத்து இறுக்கினார். அந்த உதையில் முப்பது வருஷப் பழக்கம் தெரிந்தது. ஏறுகிற கியர் எதுவோ அதுதான் இறங்குகிற கியரும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும், விடாமல் அழுத்தக் கூடாது. இதெல்லாம் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னபோது தலையாட்டினேன்.

நாற்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். குரங்குகள் வர்க்கி வாசத்துக்கு வந்தன, துரியன் வாசத்துக்குப் போய்விட்டன. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்று மாமா நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் நோட்டைப் புரட்டி, விட்டுப்போனதையெல்லாம் நிரப்பினாள். 'தேயிலை – சீனா. டீக்கடைப் பாட்டி – நுவரெலியா, கப்பல், மண்டபம்.' பிறகு தாத்தா பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, நீங்க எங்கேருந்து வந்தீங்க?"

"நானா? காரமடைல இருந்துதான் சாமி. ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி வந்தேன்."

அதையும் எழுதிக்கொண்டாள். மாமா போய் பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். பர்லியாரில் வாங்கிய துரியனும் எங்களோடு இறங்கியது.